திறப்புக் கொடுக்கும் வேளை

எம்மிடம் முன்னர்ப் படித்து, இப்பொழுது கொழும்பிலே மென்பொருட் பணி செய்யும் மாணவனொருவன் அண்மையில் எம்மைக் காண வந்தான். “ஐயா, எங்கள் கடவுச்சொற்களை எல்லாம் பெட்டகத்திலே பூட்டிவிட்டோம், இனிப் பயமில்லை” என்றான். “பூட்டியது நன்று, எடுத்துக் கொடுக்கும் வேளையில் என் செய்வீர்?” என வினவினோம். அவன் சற்றே சிந்தனையில் ஆழ்ந்தான்.

இக்காலத்தில் மென்பொருளைப் பொருத்துவதும் பரிசோதிப்பதும் வெளியிடுவதும் தானியங்கிகளின் வேலை. அவ்வேலைக்குச் சில திறப்புக்கள் வேண்டும். தரவுக் களஞ்சியத்தைத் திறக்க ஒன்று, வெளியீட்டிற் கையொப்பமிட இன்னொன்று. அவற்றை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்தல் வாயிற்கதவிலே திறப்பைத் தொங்கவிடுதலை ஒக்கும். ஆதலால் அவற்றை மறைகுறியாக்கிப் பெட்டகத்தில் வைத்து, வேலை தொடங்கும்போது மாத்திரம் தானியங்கிக்கு வழங்குவர்.

பெட்டகம் உறுதியாயிருந்தால் மட்டும் போதாதென்பதை 2021 ஆம் ஆண்டு காட்டிற்று. கோட்கவ் என்னும் அமெரிக்க நிறுவனம், நிரலின் எவ்வளவு பகுதி பரிசோதிக்கப்பட்டது என்பதைத் தெரிவிக்கும் சிறு கருவியொன்றை வழங்கி வந்தது. பல நிறுவனங்களின் தானியங்கிகள் அதனை இறக்கி இயக்கின. சனவரி 31 முதல் கள்வர் அக்கருவியை மாற்றலாயினர். மாறிய கருவியோ, வேலைக்கென வழங்கிய திறப்புக்களைத் திரட்டி அவர்களுக்கு அனுப்பிற்று. பெட்டகம் உடைபடவில்லை, வாங்கிய கையிலிருந்தே திறப்புப் போயிற்று. பெட்டகம் செய்வதிற் பெயர்பெற்ற ஹாஷிகோர்ப் நிறுவனமே தன் கையொப்பத் திறப்பை மாற்ற வேண்டியதாயிற்று. கோட்கவ்வுக்குள் கள்வர் நுழைந்ததும், பிழையாக வெளித்தெரிந்த ஒரு திறப்பினாலேயே!

இரண்டு மாதம் எவரும் அறியவில்லை. ஏப்பிரல் 1 அன்று வாடிக்கையாளரொருவர், இறக்கிய கருவியின் சரிபார்ப்பு எண் வெளியிட்ட எண்ணோடு பொருந்தாமை கண்டு அறிவித்தார். களவு வெளிப்பட்டது.

இதற்குப் பரிகாரம் யாது? வீட்டில் ஓடு மாற்ற வந்த மேசனிடம் திறப்புக் கோர்வை முழுவதையும் நாம் கொடுப்பதில்லை. வேண்டிய அறையின் திறப்பை மட்டுங் கொடுத்து, மாலையில் திரும்ப வாங்குகின்றோம். அதே விவேகந்தான் இங்கும். அவ்வாண்டிலேயே கிற்ஹப் அறிமுகஞ்செய்த முறையில், தானியங்கி நிலையான திறப்பை வைத்திராது. தான் இன்ன வேலை என்பதற்குக் கையொப்பமிட்ட சான்றைக் காட்டும். எதிர்ப்புறம் அதனைச் சரிபார்த்துச் சிறிது நேரமே செல்லும் அனுமதியை வழங்கும். கள்வன் அதனைப் பறித்தாலும் நெடுநாட் பயன்படாது.

விடைபெறும்போது, “நாளைக்கே எங்கள் திறப்புக்களை எண்ணிப் பார்ப்பேன், ஐயா” என்றான் எம் மாணவன். மாணவர்காள், பூட்டின் வலிமையைப் பார்த்தல் பாதி அறிவு. திறப்பு யார் கையில், எதற்காக, எவ்வளவு நேரம் என்று கேட்டலே மற்றைப் பாதி.