மூட்டை இல்லாத நாட்கள்

குடகு மாவட்டம் சுண்டிகொப்பா அருகே காபித் தோட்டம் வைத்திருப்பவர் அவர். வயது 58. 2017ல் தன் பழைய மஹிந்திரா ஜீப்பை விற்கத் தீர்மானித்தபோது வீட்டில் மூன்று கட்சிகள் உருவாயின. மனைவி இனோவா வேண்டும் என்றார். கணக்கு வழக்கு பார்க்கும் மைத்துனர் பொலேரோ பிக்கப் போதும் என்றார். பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த மகனோ, அதற்கு முந்தைய ஆண்டுதான் சந்தைக்கு வந்திருந்த இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸைத் தவிர வேறெதையும் பார்க்க மறுத்தான். மகன் கட்சி ஜெயித்தது. ஆனால் அவன் சொன்ன காரணங்களுக்காக அல்ல.

தோட்டக்காரரின் கணக்கு வேறு. ஜனவரி முதல் மார்ச் வரை ரொபஸ்டா அறுவடை. களத்துக்கும் கிடங்குக்கும் மூட்டைகள் போய்வந்தபடி இருக்கும். மழைக்கு முன்பும் பின்பும் உரம். நடுவில் பம்ப் செட், டீசல் கேன், குழாய்கள். இதற்கு இனோவா உதவாது. எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த தாயாரை மாதம் ஒருமுறை சுமார் 100 கி.மீ. தள்ளியிருக்கும் மைசூர் மருத்துவரிடம் அழைத்துப் போக பொலேரோ பிக்கப் உதவாது. இரண்டு வண்டி வாங்கினால் இரண்டு காப்பீடு, இரண்டு பராமரிப்பு, ஒரு டிரைவர். இரண்டையும் செய்கிற ஒரே வண்டி இருக்குமென்றால் அது என்ன விலையானாலும் மலிவுதான் என்று நினைத்தார். அந்த நினைப்பில் பாதிதான் சரி என்பது பிறகு தெரிந்தது.

இத்தகைய வண்டியை இந்தியர்களுக்கு விற்கும் முயற்சி புதிதல்ல. டெல்கோ 1988ல் டாடாமொபைல் 206 பிக்கப்பைக் கொண்டுவந்தது. அதே அடித்தளத்தில் பிறந்த சியர்ரா 1991ல் வந்து, தாயைவிடப் பெயர் வாங்கியது. 2007 வாக்கில் மஹிந்திராவின் ஸ்கார்ப்பியோ கெட்அவே, 2009ல் டாடாவின் ஸெனான் எக்ஸ்டி. பார்த்தவர்கள் பலர், வாங்கியவர்கள் சிலர். பிக்கப் என்றாலே மஞ்சள் நம்பர் பிளேட்டும் காய்கறி மண்டியும் நினைவுக்கு வரும் நாட்டில் சொந்த உபயோகத்துக்கு அதை வாங்குவானேன்? பிறகு 2016ல், சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டி தொழிற்சாலையிலிருந்து வி-கிராஸ் வந்தது. சென்னை ஷோரூம் விலை 12.49 லட்ச ரூபாய். 2022 மார்ச்சில் டொயோட்டா ஹைலக்ஸின் விலை அறிவிக்கப்பட்டபோது அது 33.99 லட்சத்தில் ஆரம்பித்தது. விலை தெரிவதற்கு முன்பே முன்பதிவுகள் குவிந்து, சில வாரங்களிலேயே பதிவை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் இந்த அளவு வண்டிகளுக்கு நடுத்தர பிக்கப் என்று பெயர். ஃபோர்டு எஃப்-150 போன்றவைதான் அங்கே பெரியவை. இங்கே வி-கிராஸும் ஹைலக்ஸும் சுமார் 5.3 மீட்டர் நீளம். அதாவது இனோவா கிரிஸ்டாவைவிட அரை மீட்டருக்கும் அதிகம். அங்கே நடுத்தரம், இங்கே யானை. பெங்களூர் வணிக வளாகங்களின் நிலவறையில் இந்த யானையின் மூக்கு எப்போதும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியேதான் நீட்டிக்கொண்டிருக்கும். தோட்டக்காரர் இப்போதெல்லாம் மகனைப் பார்க்க பஸ்ஸில் போகிறார்.

முதல் மைசூர்ப் பயணத்திலேயே தாயார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: ஜீப்பே தேவலை. காரணம் எளிது. சுமை தாங்குவதற்காக வண்டியின் பின்புறம் லாரிக்கு இருப்பது போன்ற பட்டை ஸ்பிரிங்குகளில் நிற்கிறது. கார்களின் சுருள் ஸ்பிரிங் போல அவை சிறு குழிக்கெல்லாம் மடங்கிக் கொடுப்பதில்லை. மேலே நாலைந்து மூட்டை உரம் இருந்தால் வண்டி சாதுவாகப் போகும். காலியாக இருந்தால் ஹுன்சூர் சாலையின் ஒவ்வொரு வேகத்தடையும் முதுகில் எழுதப்படும். போதாததற்குப் பின்னிருக்கை. வண்டியின் நீளத்தில் ஏறக்குறைய ஐந்தடியைத் தொட்டி எடுத்துக்கொள்வதால் இருக்கையின் சாய்மானம் கேபின் சுவரை ஒட்டிச் செங்குத்தாக நிற்கிறது. நூறு கிலோமீட்டர் அப்படி உட்கார்வது தண்டனைதான்.

விற்பனைக்காரர் இதையெல்லாம் சொல்லவில்லை. சோதனை ஓட்டம் நல்ல தார் சாலையில் நடந்தது. தோட்டக்காரரே ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். முழுச் சுமைக்கு நிரப்பிய காற்றோடு காலி வண்டியை ஓட்டுவது பாதிக் குலுக்கலுக்குக் காரணம். அறுவடை முடிந்ததும், கையேடு காலி வண்டிக்குச் சொல்லும் அளவுக்குப் பின்சக்கரக் காற்றைக் குறைத்தார். பின் அச்சுக்கு நேர் மேலே மணல் மூட்டைகளைக் கட்டிவைத்தார். மணல் வண்டியை ஆட்டாமலிருக்க மட்டுமல்ல. என்ஜினின் கனம் முன்னே, இயங்கும் சக்கரம் பின்னே, அந்தப் பின்பக்கமோ காலி. முதல் மழையில் மடிக்கேரி வளைவொன்றில் வண்டியின் வால் தன்னிஷ்டப்படி விலகியபோது அவருக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நண்பர்கள் சொல்வார்கள். சேற்றில் சரி. காய்ந்த தார் சாலையில் கூடாது. முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் வகை இது. திரும்பும்போது முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும். தார் பிடித்துக்கொள்ள, சறுக்க வழியில்லாமல் பல்சக்கரங்கள் முறுக்கேறும்.

பெரிய அதிர்ச்சி காகிதத்தில் இருந்தது. வெள்ளை பிளேட், சொந்த உபயோகப் பதிவு, தனியார் கார் காப்பீடு. எல்லாம் ஒழுங்குதான். ஒரு நாள் மைத்துனர் பாலிசியைப் புரட்டினார். தனியார் கார் பாலிசிகளில் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பத்தி உண்டு. வாடகைக்கு ஓட்டக் கூடாது, பந்தயத்தில் ஓட்டக் கூடாது என்பதோடு, சரக்கு ஏற்றிச் செல்வதும் அதில் விலக்கப்பட்டிருக்கிறது. மாதிரிப் பொருட்களும் சொந்த மூட்டை முடிச்சுகளும் மட்டும் போகலாம். முப்பது மூட்டை காபியை சொந்த மூட்டை முடிச்சு என்று எந்த சர்வேயரிடம் சொல்வது? தொட்டியோடு விற்கிறார்கள், தொட்டியை நிரப்பினால் இழப்பீடு சந்தேகம். காப்பீட்டு அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதியும் நேரான பதில் இல்லை. மைத்துனர் யோசனைப்படி, குசால்நகருக்குப் போகும் விற்பனைச் சரக்கை மட்டும் மஞ்சள் பிளேட் வண்டியை வாடகைக்குப் பிடித்து அனுப்புகிறார்கள். சொந்த பிக்கப் தோட்ட எல்லைக்குள்தான் மூட்டை சுமக்கிறது. இரண்டு வண்டியின் வேலையை ஒரே வண்டியில் முடிக்கும் கனவு அங்கே முடிந்தது. மைத்துனர் சிபாரிசு செய்த பொலேரோ பிக்கப்பில் 1.7 டன் ஏற்றும் வகைகள்கூட உண்டு, விலையோ ஹைலக்ஸில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அவர் இதைச் சாப்பாட்டு நேரத்தில் அவ்வப்போது நினைவூட்டத் தவறுவதில்லை.

பிறகு அந்த இரவு. 2018 ஆகஸ்ட் நடுவில் குடகின் மலைச்சரிவுகள் கரைந்து இறங்கின. மக்கந்தூர், ஜோடுபாலா, ஹட்டிஹொளே என்று பெயர்கள் வந்தபடி இருந்தன. மின்சாரம் இல்லை, போன் இல்லை. தோட்டத்தின் மேல்புறச் சரிவில் விரிசல் கண்டதும் லைன் வீடுகளில் இருந்தவர்களைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. குழந்தைகளும் முதியவர்களும் கேபினில், மற்றவர்கள் தார்ப்பாய்க்கு அடியில் தொட்டியில். சரக்குத் தொட்டியில் ஆளேற்றுவது சட்டப்படி குற்றம். அன்று அதைக் கேட்க சாலையில் யாரும் இல்லை. முழங்கால் சேற்றில், குறைந்த கியர் விகிதத்தில், நடை வேகத்தில் மூன்று நடை. வண்டி ஒரு முறையும் திணறவில்லை. கனம் பின்னே இருந்ததால் வாலும் விலகவில்லை.

இந்தக் கதையைச் சொல்லி மகன் நண்பர்களிடம் பெருமைப்படும்போதெல்லாம் தோட்டக்காரர் குறுக்கிட்டு ஒரு திருத்தம் செய்கிறார். அதே இரவில் பக்கத்துத் தோட்டக்காரரின் இருபது வயது ஜீப்பும் அதே பாதையில் ஆட்களை இறக்கியது. கூடுதலாக ஒரு நடை அடித்தது.

மகன் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஹைலக்ஸுக்கு மாறலாம், அடிப்பாகத்தை உயர்த்தி அகல டயர் போடலாம் என்பது அவன் திட்டம். உற்பத்தியாளர் வகுத்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதை அப்பா காட்டுகிறார். 2017 டிசம்பரில் மத்திய அரசின் உத்தரவு வந்ததும் தன் வண்டியின் முன்பக்க இரும்புத் தடுப்பைத் தானே கழற்றியவர் அவர். நகரத்து இளைஞர்கள் ஏன் இதை வாங்குகிறார்கள் என்பது அவருக்குப் புரிகிறது. அவர்களுக்குத் தொட்டி தேவையில்லை, தொட்டி இருக்கிற தோற்றம்தான் தேவை. அதில் தவறில்லை. ஆனால் குலுக்கல் இருவருக்கும் ஒன்றுதான்.

2024ல் காபி விலை உச்சத்தைத் தொட்டபோது கையில் பணம் இருந்தது. ஹைலக்ஸ் வாங்கியிருக்கலாம். அவர் வாங்கியது ஒரு பழைய வேகன்-ஆர். மைசூர் மருத்துவர் பயணத்துக்கு என்று தனியாக. தாயார் முதல்முறையாகத் தானே ஏறி உட்கார்ந்தார். அதுவரை பிக்கப்பில் அவர் ஏறுவதற்காக வைத்திருந்த மர முக்காலி இன்னும் தொட்டியில்தான் கிடக்கிறது, மணல் மூட்டைகளுக்கு நடுவில்.