சுமப்பதா, சீட்டு அனுப்புவதா?

குழந்தைகளே! ஒரு பள்ளியில் 30 வகுப்புகள். வகுப்புக்கு 40 விடைத்தாள்கள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் யார் என்று தலைமையாசிரியர் கேட்கிறார். 1,200 தாள்களையும் அவர் அறைக்குச் சுமந்து செல்ல வேண்டுமா? அந்தந்த வகுப்பாசிரியரே பார்த்து, பெயரை மட்டும் சீட்டில் எழுதி அனுப்பினால் போதாதா?

கம்ப்யூட்டர் பெரும்பாலும் சுமக்கத்தான் செய்கிறது. சேமித்த தகவலை எல்லாம் பிராசசருக்கு அனுப்பிய பிறகே தேடுகிறது. தேவையோ கடுகளவு, சுமையோ மலையளவு. நேரமும் மின்சாரமும் வீண்!

சேமிக்கும் இடத்திலேயே தேடலாம் என்று, 1998லேயே அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். 2020ல் சாம்சங் நிறுவனம், சைலிங்க்ஸ் சிப் பொருத்திய, 'ஸ்மார்ட் எஸ்.எஸ்.டி.,'யை வெளியிட்டது. தேடுவது, வடிகட்டுவது, சுருக்குவது எல்லாம் உள்ளேயே நடக்கும். விடை மட்டும் வெளியே வரும். பத்துக் கருவிகள் இருந்தால், பத்தும் ஒரே நேரத்தில் தேடும்.

அதற்காக எல்லா வேலையையும் அங்கே தள்ள முடியாது. கடினமான கணக்குகளுக்குப் பெரிய பிராசசர்தான் வேண்டும்.

வேகமான பிராசசர் செய்வது மட்டுமே முன்னேற்றம் இல்லை. வீண் சுமையைக் குறைப்பதும் முன்னேற்றம்தான் என்பது என் கருத்து. நாளைக்குப் பொறியாளர் ஆகப் போகிறவர்களே, இதை மறக்காதீர்கள்!