ரேம் எத்தனை ஜி.பி. போடலாம்? கடைக்குப் போகும் முன் 5 நிமிடம்!

"கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ. கடையில 16 ஜி.பி. ரேம் போடச் சொல்றாங்க. போடலாமாடா?" - போனில் பெரியப்பா. அந்த டெஸ்க்டாப்பில்தான் அக்கா ஆன்லைன் டியூஷன் எடுக்கிறாள். நடுவில் அது நின்றால், வருமானமும் நிற்கும்.

"அக்கா கிளாஸ் எடுக்கும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க பெரியப்பா" என்றேன். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் 'மெமரி'யைப் பாருங்கள். வழக்கமான வேலைக்கே 85, 90 சதவிகிதம் காட்டினால் ரேம் போதவில்லை. 60-க்குள் நின்றால், ரேமைக் கூட்டியும் பெரிய பலனில்லை. பக்கத்திலேயே 'டிஸ்க்' அடிக்கடி 100-ல் நிற்கிறதா? பழைய ஹார்டு டிஸ்க்தான் குற்றவாளி.

அங்கே இரண்டுமே பிரச்னை. இருந்தது 4 ஜி.பி.; மெமரி 93 சதவிகிதம். இன்னொரு 4 சேர்த்து 8 ஆக்கினோம். வகுப்பு, பிரவுசர், ஆபீஸ் வேலைகளுக்கு இது போதும். வீடியோ எடிட்டிங், பெரிய கேம்ஸ் என்றால் 16-க்குப் போகலாம்.

வாங்கும் முன் கவனிக்க:

* டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 பொருந்தாது. பழைய ரேமைக் கையோடு கொண்டுபோங்கள்.

* காலி ஸ்லாட் இருக்கிறதா என்பதை அதே 'மெமரி' பக்கம் காட்டும்.

* 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜி.பி.க்கு மேல் போட்டும் பயனில்லை.

மிச்சப் பணத்தில் எஸ்.எஸ்.டி. மாட்டினோம். கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு டீ போடப் போகும் அக்கா, இப்போது டீயோடு வந்துதான் ஆன் செய்கிறாள்!