அக்கா பையனுக்கு எந்த சிலபஸ்?



நீங்க செமஸ்டர் டென்ஷன்ல இருக்கீங்க. அந்த நேரம் பார்த்து பாளையங்கோட்டையில இருந்து அக்கா போன்! "எங்க பயல ஸ்கூல்ல இருந்து நிறுத்திட்டு வீட்டுலயே வச்சுப் படிக்க வைக்கலாம்னு இருக்கோம். நீ காலேஜ்ல படிக்கியே, எந்த சிலபஸ் நல்லதுன்னு சொல்லு."

இணையத்துல முதல்ல வந்த பேரைச் சொல்லித் தப்பிச்சிடாதீங்க பாஸ். ஒரு பையனோட பத்து வருஷம் இதுல அடங்கியிருக்கு. மூணே மூணு கேள்வி கேளுங்க.

ஒண்ணு, பையன் எப்படிப்பட்டவன்? காசு கொட்டி பாடப்பெட்டி வாங்குறதுக்கு முன்னாடி, சமச்சீர் புத்தகம், என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் ரெண்டுலயும் ஒரே பாடத்தை எடுங்க. ரெண்டுமே இணையத்துல இலவசம். ஆளுக்கு ஒரு வாரம் நடத்திப் பாருங்க. எதைப் படிக்கும்போது அவனே எதிர்க் கேள்வி கேட்கிறானோ, அதுதான் அவனுக்கு செட் ஆகும். கொக்கிரகுளம் அறிவியல் மையம், கூந்தன்குளம் பறவைகள், ஆதிச்சநல்லூர் தாழிகள்... இதையும் பாடத்தோட சேர்த்துக்கலாம். நம்ம தாமிரபரணிக் கரையே பெரிய லேப்தான்!

ரெண்டு, பரீட்சை எப்படி? வீட்டுல என்ன படிச்சாலும் ஒருநாள் சர்டிபிகேட் கேட்பாங்க. மத்திய அரசோட தேசிய திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ்.ல 14 வயசு ஆனா பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். ஒரு மொழியாவது இருக்கிற மாதிரி அஞ்சு பாடம் எடுக்கணும். அஞ்சு வருஷத்துல ஒன்பது வாய்ப்பு உண்டு. பாஸ் ஆன பாடத்தை மறுபடி எழுத வேண்டியதில்லை. நம்மளோட அரியர் கதை மாதிரிதான், ஆனா டென்ஷன் கம்மி!

மூணாவது கேள்வியை யாரும் கேட்கிறதில்லை. பையன் யார் கூட உட்கார்ந்து சாப்பிடுவான்?

இதென்ன கேள்வின்னு சிரிக்காதீங்க. நம்ம சேரன்மகாதேவியிலேயே நடந்த கதை இருக்கு. வெள்ளைக்காரன் பள்ளிக்கு மாற்றா 1922ல வ.வே.சு. அய்யர் அங்கே ஒரு தமிழ்க் குருகுலம் ஆரம்பிச்சார். தேசபக்தி, தாய்மொழின்னு நோக்கமெல்லாம் சூப்பர். காங்கிரஸ் பணமும் கொடுத்தது. ஆனா, பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. விஷயம் வெளியே வந்ததும் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கொதிச்சுட்டாங்க. 1925ல தமிழ்நாட்டு அரசியலையே உலுக்கின விவகாரம் இது. அதே வருஷம் பாபநாசம் அருவியில மகளைக் காப்பாத்தப் போய் அய்யரும் இறந்துட்டார்.

சிலபஸ் நல்லாத்தான் இருந்தது. பந்திதான் வேற பாடம் நடத்திடுச்சு.

வீட்டுப் பள்ளியிலயும் இந்த ஆபத்து உண்டு. ஸ்கூல்னா பக்கத்து பெஞ்சுல யார் வேணா உட்காருவாங்க, டிபன் பாக்ஸ் கைமாறும். வீட்டுல நாம யாரை உள்ளே விடுறோமோ அவங்க மட்டும்தான். நம்ம தெரு, நம்ம சாதி, நம்ம வசதின்னு வட்டம் தானாவே சுருங்கிடும். அதனால டைம்டேபிள்ல தமிழ், கணக்கு மாதிரி இன்னொரு பீரியடும் போடச் சொல்லுங்க. சாயங்காலம் மைதானம், சனிக்கிழமை நூலகம், நாலு தெருப் பசங்களோட ஆத்துல குளியல்.

உடனே அக்காவுக்கு போன் போடுங்க. சிலபஸ் பேரைச் சொல்றதுக்கு முன்னாடி, "பயலுக்கு ஃப்ரெண்ட்ஸ் யாரெல்லாம்க்கா?"ன்னு கேளுங்க. அவங்க பதில் சொல்ல யோசிச்சா, அங்கிருந்துதான் ஆரம்பிக்கணும்.

அடுத்த வாரம் பார்ப்போமா!