வழி யாருக்கு உரியது?

பிரயாணம் செய்து மீண்டோர் தாம் கண்ட காட்சிகளை விரித்துரைத்தல் உலக வழக்கு. யானோ காட்சியினும் ஒரு வினாவையே நேயர்கள் முன் வைக்க விரும்புகின்றேன். ஒரு நிலத்தின்மீது செல்லும் உரிமை நமக்கு எதனால் வருகின்றது? சட்டத்தாலா, நெடுநாட் பழக்கத்தாலா, அன்றி அந்நிலத்திற்கு ஊறு செய்யாமையாலா?

இவ்வினா எனக்கு இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள யார்க்‌ஷயர் மூர் நிலத்தில் எழுந்தது. மூர் என்பது மரங்கள் அருகி, ஹெதர் என்னும் குறும்புதர் படர்ந்து, காற்றும் மூடுபனியும் மாறிமாறி வரும் மேட்டு நிலமாகும். இப்பகுதி 1952-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. ஹெதர் பூத்து, கண்ணுக்கெட்டிய தூரம் ஊதா நிறம் பரந்திருந்த ஓர் ஆகஸ்டு மாதத்தில், யானும் என் மனைவியும் மலைச் சைக்கிள்களில் மூன்று நாள் அதனைக் கடந்து சென்றோம்.

முதல் நாள் இங்கிள்பிச் சரிவில் வண்டிகளைத் தள்ளிக்கொண்டே ஏறினோம். ரோஸ்டேல் பள்ளத்தாக்கில் வெட்டிய இரும்புக் கல்லைக் கொண்டு செல்வதற்காக 1861-இல் அங்கே இருப்புப் பாதை அமைத்து, சரிவில் வண்டிகளைக் கயிறு கட்டி இறக்கினர். 1929-இல் அப்பாதை மூடப்பட்டது. தண்டவாளம் நீங்கிய அத்தடம் இன்று ஆயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் மேட்டைச் சுற்றிச் செல்கின்றது. நடப்போரும் குதிரை ஏறுவோரும் சைக்கிளோட்டுவோரும் அதில் ஒருவர்க்கொருவர் இடம் விட்டுச் செல்கின்றனர். எஞ்சினும் பாரவண்டிகளும் நெடுங்காலம் ஓடிய அவ்வழிக்கு எங்கள் உருளைகளால் ஒரு தீங்கும் விளையவில்லை.

இரண்டாம் நாள் பனி மூடியது. சுற்றிச் செல்லும் பாதையை விட்டு, ஹெதரின் ஊடே குறுக்கே சென்றால் இரண்டு மைல் மிச்சமாகும் எனக் கருதி யான் இறங்கினேன். இருபது கெஜம் செல்லுமுன் முன் உருளை கரிய சேற்றில் பாதி புதைந்தது. என் மனைவி பின்தொடராது நின்று, “பின்னே திரும்பிப் பாருங்கள், வந்த இடமெல்லாம் வாய்க்கால் வெட்டியது போலிருக்கின்றது. அரைமணி தாமதமானால் நமக்கு என்ன நஷ்டம்?” என்றாள். அவ்வேளையில் எனக்குக் கோபமே வந்தது. பின்னர்ச் சிந்தித்தபோது வெட்கம் வந்தது.

அச்சேறு பீட் எனப்படும். நீர் தேங்கிய இடத்தில் பாசியும் செடியும் முற்றும் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து உண்டாவது அது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே வளரும். ஒரு மீட்டர் ஆழம் சேர ஆயிரம் ஆண்டு வேண்டும். உருளை கிழித்த தடத்தில் மழைநீர் ஓடினால் அத்தடம் வருடந்தோறும் ஆழமாகும். யான் அரைமணியை மிச்சப்படுத்தக் கருதிச் செலவிட முனைந்தது பல நூற்றாண்டுகளின் சேமிப்பை!

இனிச் சட்டத்தை நோக்குவோம். இங்கிலாந்தில் 1968-ஆம் வருடச் சட்டம் குதிரைவழிகளில் சைக்கிளோட்ட உரிமை தந்தது. நடப்போர்க்கும் குதிரை ஏறுவோர்க்கும் வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை. 2000-ஆம் வருடச் சட்டம் திறந்த மூர் நிலங்களில் நடப்போர் விருப்பம்போல் உலவ இடந்தந்தது. அச்சலுகை சைக்கிளுக்கு இல்லை. ஸ்காட்லாந்திலோ 2003-ஆம் வருடச் சட்டப்படி, பொறுப்போடு செல்லும் சைக்கிளோட்டிக்கும் அவ்வுரிமை உண்டு. இங்கிலாந்துச் சைக்கிளோட்டிகளுள் பலர் இதனைக் காட்டித் தமக்கும் அது வேண்டும் என்கின்றனர்.

இதில் என் கருத்து இரு பகுதியானது. திறந்த பீட் நிலத்தில் சைக்கிளை விலக்கியது நேர்மையே. இருபது கெஜத்தில் யான் கற்ற பாடம் அதற்குச் சான்று. ஆனால் கெட்டியான பழைய தடங்கள் பலவற்றையும் நடைவழி என்ற ஒரு பெயரால் மூடி வைத்தல் நேர்மையன்று. 1949-ஆம் வருடச் சட்டத்தின்படி ஊர்தோறும் வழிகளைக் கணக்கெடுத்துப் படத்தில் பதிந்தபோது, நடைவழி என்று எழுதப்பட்டது அப்பெயரிலேயே நின்றது. அதனால் கல்லும் சரளையும் இறுகிய தடத்தில் தடையும், சேறாகிய குதிரைவழியில் அனுமதியும் இருத்தல் கூடும். எழுதிய பெயரை நோக்காது மண்ணின் தன்மையை நோக்கி வழிகளை மறுபடியும் வகுத்தல் வேண்டும். சைக்கிளோட்டிகளும், தாங்கும் தடத்தைக் கேட்கும் அதே வாயால், தாங்காத தடத்தை வேண்டா எனச் சொல்லப் பழகுதல் வேண்டும். அங்ஙனம் சொல்பவன் கேட்கும் உரிமைக்கே மதிப்புண்டு.

அன்று மாலை கிளைஸ்டேல் என்னும் சிற்றூரில் எஸ்க் ஆற்றின் மீதுள்ள கற்பாலத்தை அடைந்தோம். அது 1619-இல் கட்டப்பட்டது. வெள்ளத்தால் ஆற்றைக் கடக்க மாட்டாமல், தன் காதலியிடம் விடைபெறாதே சென்ற ஓர் ஏழை இளைஞன், பின்னாளில் செல்வனாகி மீண்டு, பிறர்க்கு அவ்வருத்தம் நேராதிருக்க அதனைக் கட்டினான் என்பது அவ்வூர்க் கதை. கதை எவ்வாறாயினும், பின்வருவோரை எண்ணி வைத்த வழி நானூறு ஆண்டாக நிற்கின்றது. என்னை மட்டும் எண்ணி யான் கிழித்த வழி இருபது கெஜமே. அதுவும் மூடிப்போதல் வேண்டும் என்பதே இன்று என் விருப்பம்.