போட்டி இல்லாதவனுக்கு விளம்பரம் எதற்கு?

காட்டூர் டீக்கடை பெஞ்சிலும் கேட்கலாம், படித்தவர் சபையிலும் கேட்கலாம்: மின்வாரியத்துக்குப் போட்டிக் கடை கிடையாது, மீட்டரைக் கழற்றிக்கொண்டு வேறிடம் போக முடியாது, ஆகவே அதன் விளம்பரம் அத்தனையும் வீண்செலவு. விளம்பரம் என்றாலே ஆள் பிடிப்பது என்று யார் சொன்னது?

1. சில விளம்பரம் சட்டக் கட்டாயம். 2003 மின்சாரச் சட்டத்தின் 64ஆம் பிரிவுப்படி, கட்டண மனுவின் சுருக்கத்தை வெளியிட்டே ஆக வேண்டும். அது இல்லாமல் 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னைக் கருத்துக்கேட்புகளுக்கு யார் போயிருப்பார்கள்? (போனவர்கள் பேச்சு எவ்வளவு எடுபட்டதோ! செப்டம்பர் 10இல் கட்டணம் ஏறிவிட்டது.)

2. போட்டியே இல்லையா? பெரிய ஆலைகள் வெளியிலும் மின்சாரம் வாங்கலாம். நூற்பாலைகள் சொந்தக் காற்றாலையே வைத்திருக்கின்றன. கட்டிப்போடப்பட்டவர்கள் நீங்களும் நானும்தான்.

3. உச்ச நேரத்தில் வெளிச்சந்தையில் அதிக விலைக்கு வாங்கி மானிய விலையில் கொடுத்தால், விற்க விற்க நஷ்டம். அப்போது "விளக்கை அணையுங்கள்" என்பது வீணா? "அறுந்த கம்பியைத் தொடாதீர்கள்" என்பது?

மிச்சம் முழுப்பக்கச் சாதனை விளம்பரம். அதுவும் வீண் அல்ல, சங்கடமே அதுதான். அது எதற்கு என்று எண்ணூரில் பாருங்கள்: வடசென்னை அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் கலப்பதை எண்ணூர் மீனவர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். அதே நிலையத்தில் மூன்றாம் கட்டமாக 800 மெகாவாட் சேர்த்த வாரியத்துக்குத் தேவை புது வாடிக்கையாளரா? ஊரின் சம்மதம், கோட்டையின் தயவு, பத்திரிகையின் நல்லெண்ணம். அதற்கான காசும் நம் பில்லிலிருந்துதான் போகிறது.