ரெக்கார்டு நோட்டில் பொய் எழுதுவது எப்படி?

பொறியியல் கல்லூரி ஒன்றின் மெட்டீரியல் டெஸ்டிங் லேப். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் பத்துப் பேர் யூ.டி.எம். மெஷினைச் சுற்றி நிற்கிறார்கள். 20 மி.மீ. விட்டமுள்ள மைல்டு ஸ்டீல் கம்பியை மெஷின் மேலும் கீழும் கவ்வியிருக்கிறது. லேப் அசிஸ்டென்ட் வால்வைத் திருப்புகிறார். முள் நகர்கிறது. ஒருவன் எண்ணைச் சொல்கிறான், ஒருத்தி எழுதுகிறாள், மீதி எட்டுப் பேர் கேன்டீன் பரோட்டாவைப் பற்றிப் பேசுகிறார்கள். கடைசியில் டமார் என்று கம்பி அறுகிறது. அன்றைய பரிசோதனையில் பத்துப் பேரும் சேர்ந்து கவனித்த ஒரே விஷயம் அந்தச் சத்தம்தான்.

பிறகு கணக்கு. இரும்பின் யங் குணகம் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2 லட்சம் நியூட்டன் வரவேண்டும். வந்திருப்பதோ 15 ஆயிரம். யாராவது பதறுகிறார்களா? ம்ஹூம். சீனியரின் ரெக்கார்டு நோட்டு பையிலிருந்து வெளியே வருகிறது. விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அளவுகளைத் 'திருத்தி', நம்பும்படி இருக்கட்டும் என்று இரண்டொரு இடத்தில் கொஞ்சம் கோணலும் சேர்த்து, 2.03 லட்சம் என்று எழுதி முடிக்கிறார்கள். கையெழுத்து விழுகிறது. பத்துக்குப் பத்து.

இதற்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் 'அட்ஜஸ்ட்மென்ட்'. சரியான பெயர் பொய். இந்தப் பொய்யை ஆசிரியருக்கும் தெரியும், எக்ஸ்டர்னலுக்கும் தெரியும், நோட்டைக் கொடுத்த சீனியருக்கும் தெரியும். தெரிந்தே நாலு வருடம் நடக்கும் நாடகம் இது.

கொடுமை என்னவென்றால், அன்று அந்த லேபில் கிடைத்த ஒரே உண்மை அந்த 15 ஆயிரம்தான். அதைத்தான் முதல் வேலையாகக் குழிதோண்டிப் புதைக்கிறார்கள்.

15 ஆயிரம் ஏன் வந்தது? கம்பியில் அளவெடுத்த நீளம் 200 மி.மீ. என்று வையுங்கள். சதுர மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் விசை கொடுத்தால் இரும்பு நீளவேண்டியது வெறும் 0.1 மி.மீ. மெஷினில் ஒட்டியிருக்கும் ஸ்கேலில் படித்ததோ 1.3 மி.மீ. மிச்சம் 1.2 மி.மீ. யாருடையது? கவ்வியிருக்கும் பல் வழுக்கியது, பிடிக்கு வெளியே இருக்கும் கம்பி நீண்டது, மெஷினே கொஞ்சம் வளைந்து கொடுத்தது... இதெல்லாம் சேர்ந்த கணக்கு அது. அதாவது அளந்தது கம்பியை மட்டும் இல்லை. கம்பியையும் மெஷினையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள். எக்ஸ்டென்சோமீட்டர் என்ற கருவியைக் கம்பியின் மேலேயே மாட்டுவது எதற்கு என்பது அந்த ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும். 'எதை அளக்கிறேன் என்று நினைக்கிறேன், உண்மையில் எதை அளக்கிறேன்' என்ற கேள்விதான் ஆராய்ச்சியின் அரிச்சுவடி. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் ரெக்கார்டு நோட்டு எழுதப்படுகிறது.

இதற்குப் பின்னால் ஒரு சாதி அமைப்பு இருக்கிறது. தியரி மேல், எக்ஸ்பெரிமென்ட் கீழ். புத்தகம் சொல்வதை லேப் 'நிரூபிக்க' வேண்டும். நிரூபிக்காவிட்டால் தப்பு லேபின் மேல். நோட்டின் முதல் பக்கத்திலேயே 'நோக்கம்: ... சரிபார்த்தல்' என்று எழுதிவிட்டுத்தானே மெஷின் பக்கமே போகிறார்கள்! முடிவு தெரிந்த பிறகு நடத்துவது பரிசோதனையா, சடங்கா?

மெட்டீரியல் சயின்ஸின் வரலாறோ இதற்கு நேர் எதிராக இருக்கிறது.

1926-ல் யாகோவ் ஃப்ரெங்கல் என்ற ரஷ்ய இயற்பியலாளர் ஒரு கணக்குப் போட்டார். ஒரு படிகத்தில் ஓர் அணு வரிசை இன்னொரு வரிசையின் மேல் மொத்தமாக நழுவ எவ்வளவு விசை வேண்டும்? எளிமையான கணக்கு. விடை: அந்த உலோகத்தின் ஷியர் குணகத்தை 6.28-ஆல் வகுத்தால் வருவது. செம்புக்கு அந்தக் குணகம் சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 45 ஆயிரம் நியூட்டன். வகுத்தால் 7 ஆயிரம். ஆனால் சுத்தமான ஒற்றைச் செம்புப் படிகத்தை எடுத்து இழுத்துப் பார்த்தால் நழுவ ஆரம்பிப்பது ஏறக்குறைய 1 நியூட்டனில்! பத்து சதவீதம் இருபது சதவீதம் வித்தியாசம் இல்லை, ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம்.

அன்றைக்கு ஒரு சீனியரின் ரெக்கார்டு நோட்டு கிடைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நல்லவேளை, கிடைக்கவில்லை. அளந்த எண்ணை யாரும் மாற்றவில்லை. கணக்கையும் தூக்கிப் போடவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டு எட்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1934-ல் இங்கிலாந்தின் ஜி.ஐ. டெய்லர், ஹங்கேரியில் பிறந்த ஈகான் ஓரோவான், மைக்கேல் பொலான்யி என்று மூன்று பேர் தனித்தனியாக ஒரே விடைக்கு வந்தார்கள். வரிசை மொத்தமாக நழுவுவதில்லை. படிகத்துக்குள் ஒரு கோடு நெடுக அடுக்கு குலைந்திருக்கிறது. அந்தக் குலைவு நகர்ந்து நகர்ந்து போவதால் படிகம் நழுவுகிறது. அதுதான் டிஸ்லொகேஷன்.

கல்யாண மண்டபத்தில் விரித்த பெரிய ஜமுக்காளத்தை ஒரு சாண் தள்ளிப் போடவேண்டும் என்று வையுங்கள். ஓரத்தைப் பிடித்து மொத்தமாக இழுத்தால் நாலு ஆள் வேண்டும். ஒரு முனையில் சின்ன மடிப்பு உண்டாக்கி, அந்த மடிப்பைக் காலால் தள்ளிக்கொண்டே மறுமுனைக்குப் போனால் சின்னப் பையன்கூட நகர்த்திவிடுவான். ஃப்ரெங்கல் கணக்கிட்டது நாலு ஆள் இழுப்பதை. செம்பு செய்வது மடிப்பைத் தள்ளுவதை.

செம்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஏன் விறைத்துப் போகிறது? மடிப்புகள் பெருகி ஒன்றில் ஒன்று சிக்கிக்கொள்வதால். உலோகத்தில் வேற்று அணுக்களைக் கலந்தால் ஏன் உறுதி கூடுகிறது? மடிப்பின் வழியில் கல் போட்டது போல் ஆவதால். உலோகங்களின் உறுதியைப் பற்றி இன்று பாடத்தில் இருப்பதில் பெரும்பகுதி அந்த ஆயிரம் மடங்கு 'பிழை'யிலிருந்து பிறந்தது. இத்தனைக்கும் 1934-ல் டிஸ்லொகேஷனை ஒருவரும் கண்ணால் பார்த்திருக்கவில்லை. 22 வருடம் கழித்து, 1956-ல், கேம்பிரிட்ஜில் ஹிர்ஷ், ஹோர்ன், வீலன் மூவரும் மெல்லிய அலுமினியத் தகட்டை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது அந்தக் கோடுகள் நகர்வதையே பார்த்தார்கள்.

இதில் தியரி தோற்றது, லேப் ஜெயித்தது என்று விசில் அடிக்க ஒன்றும் இல்லை. ஃப்ரெங்கலின் 7 ஆயிரம் இல்லாவிட்டால், அளந்து வந்த 1 என்ற எண் விசித்திரமானது என்றே யாருக்கும் தோன்றியிருக்காது. அளந்த எண் இல்லாவிட்டால் 7 ஆயிரம்தான் இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளிதான் சொத்து. அந்த இடைவெளியை மூடி மறைப்பவன் இரண்டு பக்கத்துக்கும் துரோகி.

இன்னொரு கதை. 1982 ஏப்ரல் 8. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் விருந்தினராக வேலை பார்த்த இஸ்ரேல்காரர் டான் ஷெக்ட்மன், வேகமாகக் குளிரவைத்த அலுமினியம்–மாங்கனீஸ் கலவை ஒன்றை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார். புள்ளிகள் பத்து மடிப்புச் சமச்சீரில் நிற்கின்றன. படிகங்களுக்கு 2, 3, 4, 6 மடிப்பு மட்டுமே உண்டு; 5-ம் 10-ம் நடக்காத காரியம் என்பது பாடம். அவர் தன் நோட்டில் பத்து மடிப்பு என்று எழுதி மூன்று கேள்விக்குறி போட்டார். கவனியுங்கள், கேள்விக்குறிதான் போட்டார். அழித்து 6 என்று எழுதவில்லை. தலைமையில் இருந்தவர் பாடப்புத்தகம் ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பிறகு குழுவை விட்டே போகச் சொன்னார்கள். 1984 நவம்பரில்தான் கட்டுரை வெளிவந்தது. இரண்டு நோபல் வாங்கிய லைனஸ் பாலிங் 1994-ல் சாகும்வரை அதை ஏற்கவில்லை. 2011-ல் வேதியியல் நோபல் ஷெக்ட்மனுக்கு வந்தது.

'அப்போ எங்க 15 ஆயிரத்துக்கும் நோபல் தருவாங்களா?' என்று கடைசி பெஞ்சு கேட்கும். தரமாட்டார்கள். பொருந்தாத எண்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வெறும் தவறுதான். ஆனால் எது தவறு, எது புதுசு என்பது எண்ணின் முகத்தில் எழுதியிருக்காது. ஷெக்ட்மனும் முதலில் தன் தவறைத்தான் தேடினார். பல படிகங்கள் ஒட்டிக்கொண்டு இப்படி ஏமாற்றுகின்றனவா என்று சோதித்து, இல்லை என்று தெரிந்த பிறகுதான் நின்றார். வழுக்கும் கவ்வியைக் கண்டுபிடிப்பவனும் புதுப் படிகத்தைக் கண்டுபிடிப்பவனும் நுழைவது ஒரே வாசலில். ரெக்கார்டு நோட்டுக்காரர்கள் அந்த வாசலைத்தான் பூட்டுகிறார்கள்.

பூட்டிவிட்டு மேலே போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் பெல் லேப்ஸில் இருந்த யான் ஹென்ட்ரிக் ஷோன். 2000, 2001 வருடங்களில் கட்டுரை மேல் கட்டுரை. வரைபடங்கள் எல்லாம் தியரி எதிர்பார்த்தபடியே அழகாக வந்தன. உலகமே கைதட்டியது. மற்ற லேப்களில் செய்து பார்த்தவர்களுக்கு மட்டும் வரவில்லை. 2002-ல் சிலர் உற்றுப் பார்த்தபோது, வேறு வேறு பரிசோதனைகளின் வரைபடங்களில் இரைச்சல்கூட ஒரே மாதிரி இருந்தது! விசாரணைக் குழு 24 குற்றச்சாட்டுகளை ஆராய்ந்து 16-ல் மோசடி என்று தீர்ப்புச் சொன்னது. விடையிலிருந்து பின்னோக்கிப் போய் அளவீடு தயாரிக்கும் வித்தை, நம்பும்படி கொஞ்சம் கோணல் சேர்க்கும் வித்தை... எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?

'இனிமே எல்லாம் ஏ.ஐ. பார்த்துக்கும், அளக்கவே வேண்டாம்' என்பது இப்போதைய கட்சி. 2023 நவம்பரில் பெர்க்லியில் ரோபோக்களே நடத்தும் ஆய்வகம் 17 நாளில் 41 புதிய பொருட்களைச் செய்துவிட்டதாக அறிவித்தது. லெஸ்லி ஷூப், ராபர்ட் பால்கிரேவ் போன்ற வேதியியலாளர்கள் அந்த எக்ஸ்ரே அளவுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒன்றுகூடப் புதியது இல்லை, பலவும் ஏற்கெனவே தெரிந்தவையே என்பது அவர்கள் முடிவு. ஆய்வகத்தார் தங்கள் பக்கத்தை விட்டுக் கொடுக்கவில்லை. சண்டை எதைப் பற்றி? கணித்த எண்ணும் அளந்த எண்ணும் உண்மையில் பொருந்துகின்றனவா என்பதைப் பற்றி. கணிக்கும் வேலை மெஷினுக்குப் போகப் போக, அந்தப் பொருத்தத்தைச் சந்தேகித்துப் பார்க்கத் தெரிந்த மனிதனின் தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

'சரியான விடை வராட்டி மார்க் போகும்' என்று மாணவர்கள் சொல்வது நியாயமான புகார்தான். அதனால் குற்றத்தில் பெரிய பங்கு மார்க் போடும் கைக்கு. 2.03 லட்சத்துக்குப் பத்தும் 15 ஆயிரத்துக்கு இரண்டும் போடுகிறவர், நாலு வருடமும் பொய்க்குப் பரிசு கொடுக்கிறார். மாற்று வழிக்குக் காசு செலவில்லை. வந்த எண்ணை வந்தபடி எழுதினால் ஐந்து மார்க். ஏன் அப்படி வந்தது என்று அரைப்பக்கம் எழுதினால் மீதி ஐந்து. பழைய மெஷின் என்று அழவும் வேண்டாம். பழைய மெஷின்தான் அந்த அரைப்பக்கத்துக்கு நல்ல விஷயம் தரும்.

ரெக்கார்டு நோட்டோடு இது முடிந்துவிட்டால் பரவாயில்லை. இதே கை நாளைக்கு ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கான்கிரீட் க்யூப் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும். 28-ம் நாள் க்யூபை அமுக்கிப் பார்க்கும்போது 25 வரவேண்டிய இடத்தில் 17 வரும். 'என்ன வரணும்' என்று முன்பே தெரிந்த கைக்கு அதைத் திருத்த ஒரு நிமிடம் போதும். நாலு வருடப் பயிற்சி இருக்கிறது.

அந்தக் கட்டடத்தின் தூணுக்கு சீனியரின் நோட்டு தெரியாது.